அடியாளுக்கும் இடம் பிடித்தவர்

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் தியேட்டரில் எல்லோரும் வண்டி ஸ்டாண்டுக்கு ஓடுவார்கள். அவர் மட்டும் எழுந்திருக்க மாட்டார். பெருக்க வரும் அம்மா பாப்கார்ன் குப்பையை எங்கள் காலடி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, "என்னங்க, அடுத்த ஆட்டத்துக்கும் சேத்து எடுத்திருக்கீங்களா?" என்று கேட்கும்வரை உட்கார்ந்திருப்பார்.

"ஒரு நிமிசம்ணே. செத்தவங்களை அனுப்பிட்டுப் போயிடுவோம்" என்பார் என்னிடம்.

அனுப்புவது என்றால், படத்தில் செத்த ஆட்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்தி, மேலுலகத்தில் அவரவரை எங்கே உட்காரவைக்கலாம் என்று முடிவு செய்வது. கதாநாயகனின் அப்பா, கதாநாயகியின் அக்கா போன்றவர்கள் சுலபமாகப் போய்விடுவார்கள். அவருடைய அக்கறை முழுவதும் அடியாட்கள் மேல்தான். லாரிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தவன், ஒரே உதையில் தென்னை மர உயரத்துக்குப் போய்க் கிணற்றுக்குள் விழுந்தவன், சண்டை ஆரம்பிப்பதற்குள் பயந்து ஓடித் தன் ஆட்கள் கையாலேயே வெட்டுப்பட்டவன்.

"அந்தப் பச்சைச் சட்டைக்காரன் ஓடத்தானே பாத்தான்? அதை நல்ல புத்தின்னு எடுத்துக்கணும்ணே."

"பயந்து ஓடுனது நல்ல புத்தியா?"

"வெட்ட மனசில்லாம ஓடுனான்னு வச்சுக்குவோம். கூலிக்கு வந்தவன். வூட்டுல புள்ள குட்டி இருக்கும். நடுவுல ஒரு எடம் குடுத்துடலாம்."

குடுத்துவிட்டுத்தான் எழுவார்.

அவர் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். அரியலூரில் இதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. பெந்தெகொஸ்தேவா என்பார்கள். இல்லை என்பார். சனிக்கிழமை கும்பிடுகிறவர்களா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் என்பார். வீடு வீடாகப் புத்தகம் கொடுப்பவர்களா என்றால், அது வேறே ஆளுங்க, நாங்களும் கொடுப்போம் என்பார். கடைசியில் கேட்டவரே களைத்துப்போய், "சரி தம்பி, ரெண்டு கேன் எறக்கிட்டுப் போ" என்று முடித்துக்கொள்வார். அவருக்கு அரியலூரில் தண்ணீர் கேன் வியாபாரம். ஒரு குட்டி யானை வண்டி, கேன்கள் அடுக்கிய ஒரு குடோன், அதன் பின்னால் ஒரே அறையில் தனிக்கட்டையாக அவர்.

நான் அந்தப் பக்கம் வந்தது சிமெண்ட் ஆலை வேலைக்கு. வருடத்துக்கு ஒருமுறை பெரிய சூளையை அணைத்துவிட்டு, உள்ளே தேய்ந்துபோன கல்லை உடைத்தெடுத்துப் புதுக்கல் அடுக்குவார்கள். ஷட்டவுன் வேலை என்று பெயர். சூளையை அணைத்தாலும் சூடு உடனே போய்விடாது. செருப்பு மாட்டிய காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு முன்னால் போர்வெல் வண்டியோடு ஆந்திரா முழுக்கச் சுற்றியிருக்கிறேன். திருப்பூரில் சாயம், கேரளாவில் பரோட்டா. எட்டாவதோடு படிப்பு நின்றது. எந்த ஊரிலும் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை. ஆலத்தியூர் பக்கம் தகரக் கொட்டகை ஒன்றில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். அங்கே தண்ணீர் இறக்க வந்தவர் ஒரு சனிக்கிழமை வாசலில் நின்று பொதுவாகக் கேட்டார்.

"யாராச்சும் பெரம்பலூருக்குப் படத்துக்கு வரீங்களா? தனியாப் பாத்தா அப்பறம் பேச ஆள் இருக்க மாட்டேங்குது."

மற்றவர்களுக்கு சாராயக் கடைக்குப் போகும் அவசரம். எனக்கு வண்டியில் இலவசமாகப் போகலாம் என்ற ஆசை. ஏறிக்கொண்டேன். ஷட்டவுன் முடிந்து ஆட்களெல்லாம் கலைந்த பிறகும் நான் அவரிடமே கேன் தூக்கும் ஆளாக நின்றுவிட்டேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அண்ணே என்பார். நான் தம்பி என்பேன். முதலாளி யார், வேலையாள் யார் என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

சனிக்கிழமை மத்தியான ஆட்டம் மட்டும்தான். ஒரு வாரம் அரியலூர், ஒரு வாரம் பெரம்பலூர். இரண்டாவது ஆட்டத்துக்கு நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். வரமாட்டார். படம் இழுத்துவிட்டால் பன்னிரண்டு மணி தாண்டி ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். ஞாயிறு வாங்குவதில்லை, விற்பதில்லை, படம் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை சென்னையில் இருந்த அவர்கள் சபைக்குப் போவார். அதற்குத் திரும்பி வரும் பஸ் டிக்கெட்டைக்கூடச் சனிக்கிழமையே எடுத்துவைத்துக்கொள்வார். மற்ற ஞாயிறுகளில் வெள்ளைச் சட்டை, டை எல்லாம் கட்டிக்கொண்டு குடோனுக்குள் போனில் வரும் சபை ஆராதனை முன்னால் உட்கார்ந்திருப்பார். கல்யாண மண்டபத்துக்காரர்கள் வந்து ஷட்டரைத் தட்டுவார்கள். "பந்தி ஆரம்பிச்சிருச்சுய்யா, தண்ணி இல்ல!" என்று கத்துவார்கள். டையோடு வெளியே வந்து, "எடுத்துட்டுப் போங்க. காசு நாளைக்குக் குடுங்க. இன்னைக்கு விக்கக் கூடாது" என்று சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சபைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். "பந்தியில உக்காந்தவனுக்கு விக்கல் எடுக்குமேண்ணே" என்றார்.

டீ, காபி இரண்டும் கிடையாது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் எங்கள் தலையைக் கண்டதும் மாஸ்டர், "ஒரு டீ, ஒரு கொழந்த!" என்று குரல் கொடுப்பார். குழந்தை என்றால் பால். முதலில் சிரிப்பவர் இவர்தான். ஒருநாள் பால் சலித்துப்போய் மாஸ்டரிடம் கேட்டார்.

"சுக்குமல்லி காபியில காபித்தூள் போடுவீங்களா?"

"போடாம? வெறும் சுக்குத் தண்ணிக்கு எவன் வருவான்?"

"அப்ப பாலே குடுங்க."

"டீ குடிச்சா மோட்சம் கெடையாதா தம்பி?" என்றேன் நான்.

"அதெல்லாம் கெடைக்கும்ணே. குடிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவ்வளவுதான். நீங்க குடிங்க, ஆறுது."

எனக்குச் சபைகளைப் பற்றித் தெரியும். எந்தச் சபையில் எந்தக் கிழமை சாப்பாடு போடுவார்கள் என்பதை வைத்துத் தெரியும். சின்ன வயதில் ஒரு கிறிஸ்தவ விடுதியில் இருந்தேன். அங்கே வேதபாடத்தில் இரண்டு தடவை பரிசு வாங்கியிருக்கிறேன், எவர்சில்வர் டம்ளர். என் அம்மா மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவள். நான் விடுதியில் இருக்கும்போது இறந்துபோனாள். ஞானஸ்நானம் பெறாமல் போனவர்கள் எங்கே இருப்பார்கள் என்று வார்டன் எனக்கு விளக்கினார். அன்றைக்கு மத்தியானம் சாம்பார் சாதம். பசித்தது, சாப்பிட்டேன்.

இதை அவரிடம் ஒருநாள் பால் டம்ளருக்கும் டீ டம்ளருக்கும் நடுவில் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

"நம்ம அம்மாவுக்கு எடம் இல்லன்னா அப்பறம் அது என்னண்ணே பரலோகம்? தியேட்டர் காலியா இருக்கும்போது ஹவுஸ்ஃபுல் போர்டு வச்ச மாதிரி."

அவர்கள் நம்பிக்கைப்படி மேலே மூன்று இடங்கள். ஒன்று சூரியனைப் போல, ஒன்று சந்திரனைப் போல, ஒன்று நட்சத்திரங்களைப் போல. கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதாவது ஒன்றில் இடம் உண்டு; கடைசியில் இருப்பதுகூட நாம் இங்கே பார்த்த எதையும்விட நன்றாக இருக்கும். சூரியன் பால்கனி, சந்திரன் முதல் வகுப்பு, நட்சத்திரம் தரை டிக்கெட் என்று நான் சுருக்கிச் சொன்னேன். "தரை டிக்கெட்டுக்கும் ஏசி உண்டுண்ணே" என்றார். செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஒருவர் அவர்கள் பெயரில் ஞானஸ்நானம் பெறலாம் என்றும் சொன்னார்.

"செத்தவளைக் கேக்காமத் தண்ணியில முக்குவீங்களா? எங்கம்மா கோவக்காரி."

"அவங்களை யாரும் முக்க மாட்டாங்க. சொந்தக்காரங்க விருப்பப்பட்டா, அவங்களுக்காக வேற ஒருத்தரு முங்குவாரு. அவங்க வேணாம்னா அங்கேந்தே வேணாம்னு சொல்லிடலாம். கதவைத் தட்டுறதுதான் நம்ம வேலை."

"எங்கம்மா கதவைத் தொறந்து, உக்காரவச்சு, மோர் குடுத்துட்டு, வேணாம்னு சொல்லி அனுப்பிடுவா."

"மோர் குடுத்தாங்கன்னாப் போதும்ணே" என்று சிரித்தார். அவர் மேற்கொண்டு என்னை வற்புறுத்தவில்லை. நானும் எந்தச் சபையிலும் சேரவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மா மோர் கொடுக்கிற மாதிரியே நினைத்துக்கொண்டு தூங்கினேன். பல வருடமாக அவளை வேறு மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாயில் அதிகம் வந்த சொல் "நகந்துக்கங்கண்ணே". வண்டியில் முன்னால் டிரைவரைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம். பெரம்பலூர் ரோட்டில் கை காட்டாதவர்களுக்குக்கூட வண்டியை நிறுத்துவார். பஸ்ஸை விட்ட கிழவி, ஆட்டோடு நிற்கும் பெண், ஒரு சாக்குத் தேங்காய், எல்லாம் ஏறும். நான் பின்னால் போய்க் கேன்களோடு உட்கார்ந்து ஆட்டைப் பிடித்துக்கொள்வேன். ஆடு என் சட்டைக் காலரைத் தின்றது. குரும்பலூர்க்காரர் ஒருவர் ரோட்டோரம் குடித்துவிட்டுக் கிடந்தார் என்று அவரை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டோம். கைத்தாங்கலாக இறக்கும்போது அவர் மனைவி எங்கள் இருவரையும்தான் திட்டினாள், ஊற்றிக் கொடுத்தவர்கள் என்று நினைத்து. டீகூடக் குடிக்காதவரை அவ்வளவு கெட்ட வார்த்தையால் யாரும் திட்டிக் கேட்டதில்லை. தியேட்டருக்குப் போனபோது இடைவேளை விட்டிருந்தார்கள்.

"பாதிப் படம் போச்சு தம்பி."

"செத்தவங்க எல்லாம் செகண்ட் ஆஃப்லதாண்ணே" என்று என்னைத் தேற்றினார்.

எல்லா சனிக்கிழமையும் சிரிப்பாகப் போய்விடவில்லை. ஒரு படத்தில் வில்லன் ஒரு சின்னப் பெண்ணைக் கொல்கிறான். அன்றைக்குப் பெருக்கும் அம்மா வருவதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். குடோன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"அவனுக்கும் எங்கேயோ ஒரு எடம் இருக்கும்ணே. ஆனா அதை என் வாயால சொல்ல மனசு வரல."

இப்படி ஊரில் உள்ளவனுக்கும் திரையில் செத்தவனுக்கும் இடம் பிடித்தவருக்கு, சொந்த அப்பா வீட்டில் இடம் கிடையாது.

அரியலூரிலிருந்து திருமானூர் போகும் ரோட்டில் உள்ளே தள்ளி அவர்கள் ஊர். அப்பா ரோமன் கத்தோலிக்கக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்லிவைப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுப்பது எல்லாம் அவர்தான். மகன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும்போது, ஒருநாள் ரோட்டில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு பையன்கள் வந்து கூடத் தள்ளினார்கள். அப்படித்தான் இந்தச் சபை பழக்கமானது. மகன் மறுபடியும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான் என்று கேள்விப்பட்ட அன்று அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "உன்னை நான் தூக்கிட்டுப் போயி ஊத்துன தண்ணி பத்தலன்னா, இந்த வூட்டுத் தண்ணியும் உனக்கு வேணாம்." அதிலிருந்து பேச்சு இல்லை. மகன் அரியலூருக்கே திரும்பி வந்து தண்ணீர் வியாபாரம் ஆரம்பித்தும் பேச்சு இல்லை.

சனிக்கிழமை படத்துக்குப் போவதற்கு முன்னால் அம்மாவுக்கு மாத்திரை, மீன், பழம் என்று ஏதாவது கொடுத்தனுப்புவார். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு அவர் இருப்பார். பையைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். உபதேசியார் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் யார் அனுப்பிய ஆள் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வார். பேப்பரில் சினிமாப் பக்கம். அதை நான் கவனித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கப்போகிறேன் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போய்ப் படம் பார்த்த மனுஷன் என்று அந்த அம்மா எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு சனிக்கிழமை பையை இறக்கிவைத்துவிட்டு, பேப்பரைப் பார்த்துச் சொன்னேன்.

"போன வாரம் ஒரு படம் பாத்தோம்ங்க. அடியாள் ஒருத்தன் லாரியில அடிபட்டுச் செத்தான். அவனுக்கு மேல சந்திரன் மாதிரி ஒரு எடம் குடுத்திருக்கு."

பேப்பர் அசையவில்லை.

"யாரு குடுத்தா?" என்றது பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"இருக்காங்க ஒருத்தங்க."

பேப்பர் இறங்கியது. "சந்திரனாவது சூரியனாவது! அடியாளா இருந்தவன் உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வெந்துதான் மேல போவணும். அழுக்குத் துணியை வெளுக்காம மடிச்சு வைப்பாங்களா? போயிச் சொல்லு."

போய்ச் சொன்னேன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர் கண் விரிய, "அப்பாவா சொன்னாரு? வெளுக்காம மடிப்பாங்களான்னா கேட்டாரு?" என்று இரண்டு தடவை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "வெளுத்துத்தான் மடிப்பாங்க, ஆனா எல்லாத் துணியும் ஒரே பீரோவுல இருக்காதுன்னு சொல்லுங்கண்ணே" என்றார். அடுத்த வாரம் அதைக் கொண்டுபோனேன்.

இப்படியே ஆனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் படத்தில் செத்தவர்களை நான் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கேன் தூக்குவதைவிட இது கனமாக இருந்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆட்கள் என்று இங்கிருந்து போகும். மூன்று ஆளாக இருந்தாலும் ஒரே கடவுள், தனித்தனி என்றால் டிக்கெட் மூன்று எடுக்க வேண்டியிருக்கும் என்று அங்கிருந்து வரும். நடுவில் அந்த அம்மா, "ஏய்யா, நீ சாப்டுட்டுப் போயி சொல்லுய்யா" என்று எனக்குச் சோறு போடுவார்கள். எனக்கு உடம்பு தேறிவிட்டது. ஆனால் உபதேசியார் ஒருநாளும் 'அவன்' என்றோ 'என் மகன்' என்றோ சொல்லவில்லை. "போயிச் சொல்லு" என்பார். யாரிடம் என்பதைச் சொல்லமாட்டார். இவரும் ஊர் எல்லையைத் தாண்டி வண்டியை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் நான் தூங்கிவிட்டேன். அரியலூரில் ஒரு படம். விடிகாலையிலிருந்து கல்யாண லோடு ஏற்றி இறக்கிய அலுப்பு. இடைவேளைக்கு அப்புறம் ஏசி குளிரில் கண்ணை மூடியவன் சுபம் போடும்போதுதான் விழித்தேன். அதில் கல் குவாரி வைத்திருக்கும் வில்லனுக்கு எந்நேரமும் குடை பிடித்துக்கொண்டு ஒரு தாடிக்காரன் வருவான். பேசவே மாட்டான். குடை மட்டும் பிடிப்பான். மறுவாரம் முதல் பாதிக் கதையை நான் சொல்லி முடித்ததும் உபதேசியார், "அந்தக் குடை புடிக்கிறவன் என்ன ஆனான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. இந்த மாதிரிப் படத்தில் இந்த மாதிரி ஆள் எப்படிச் சாவான் என்று எத்தனை பார்த்திருக்கிறேன்? சொன்னேன்: "வில்லனைக் குத்த வந்த கத்தியை நடுவுல பாஞ்சு வாங்கிக்கிட்டான்ங்க. கதாநாயகன் மடியில தலைய வச்சு, தப்புப் பண்ணிட்டேன்னு அழுதுட்டுச் செத்தான்."

உபதேசியார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"மனஸ்தாபப்பட்டானா? அப்ப சிலுவையில கடைசி நேரத்துல மனந்திரும்புன நல்ல கள்ளன் கதைதான்! உத்தரிக்கிற ஸ்தலம்கூட வேணாம். நேரா மோட்சம்! போயிச் சொல்லு!"

ஓடிப்போய்ச் சொன்னேன். வண்டியில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"குடைக்காரனா? அவன் எப்பண்ணே செத்தான்?"

"கடைசியில."

"கடைசியில அவன் படத்துலயே இல்லண்ணே. இன்டர்வெல்லுக்கு அப்பறம் அவன் வரவே இல்ல. டைரக்டரு அவனை மறந்துட்டாரு. நான் ஒரு வாரமாத் தூங்காம யோசிச்சுக்கிட்டிருக்கேன், அவன் எங்க போனான்னு."

செத்திருந்தால் எங்கேயாவது உட்காரவைத்துவிடுவார். காணாமல் போனவனை என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. என் தூக்கத்தை ஒத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்பா ஒருத்தனுக்கு நேரா மோட்சம் குடுத்திருக்காரு. அவன் சாகவே இல்லன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாருண்ணே. இருந்தாலும் உண்மையச் சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன். நான் தூங்கியதைச் சொல்லியும் உபதேசியார் நம்பவில்லை.

"நீ தூங்கல. நீ சொன்னதுதான் சரி. அங்க உக்காந்திருக்கானே அவனுக்குத்தான் கண்ணு தெரியல. சாகாம எப்படி இருப்பான்? எஜமான் செத்தா குடை புடிக்கிறவன் என்ன பண்ணுவான்? அவன் சபையில எல்லாத்தையும் மாத்திச் சொல்லுவாங்க, படத்தையுமா மாத்துவாங்க?"

'அவன்' வந்துவிட்டது.

"எந்தக் கொட்டாயில ஓடுது?"

"அரியலூர்ல எடுத்துட்டாங்க. பெரம்பலூர்ல ஓடுதுங்க."

"அந்த வண்டியில வரமாட்டேன். பஸ்ஸுல வரேன்."

பஸ்ஸில்தான் வந்தார். பூசைக்குப் போகிற மாதிரி வெளுத்த வேட்டி சட்டை, தோளில் மடித்த துண்டு. நாங்கள் டிக்கெட் எடுத்துவிட்டு வாசலில் நின்றோம். அவர் எங்களைப் பார்க்காமல் தானே ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போனாலும் என் பக்கத்து சீட்டில் வந்துதான் உட்கார்ந்தார். நடுவில் நான். இந்தப் பக்கம் இவர் கைகளை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் இவர் வாங்கிய பாப்கார்னை உபதேசியார் தொடவில்லை. என் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் மடியிலிருந்து எடுத்தார். இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை வந்தது. இரண்டு கையும் ஒன்றை ஒன்று பார்த்துப் பார்த்து முறை வைத்துக்கொண்டு எடுத்தன. எனக்கு மூச்சு விடவே பயம்.

இரண்டாம் பாதி. குடைக்காரன் வரவில்லை. பாட்டு வந்தது, கோர்ட் வந்தது, குடைக்காரன் இல்லை. உபதேசியார் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். கடைசிச் சண்டை. குவாரியில் ஜீப் வெடித்து ஆட்கள் நாலா பக்கமும் விழுகிறார்கள். புகை. சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"அதோ! அதோ கெடக்கான்! ஜீப்புக்கு அந்தாண்ட! குடையோட கெடக்கான்!"

"யோவ் பெருசு, உக்காருய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

என் இந்தப் பக்கத்திலிருந்து இவர் சொன்னார்: "அது குடை இல்லப்பா. ஜீப்புக் கம்பி."

"கம்பியா? கம்பிக்குக் கருப்புத் துணி இருக்குமா?"

"அது புகைப்பா."

"புகையா? சின்னதுலேந்தே உனக்குக் கண்ணு சரியில்ல. ஒன்னாவதுலயே போர்டு தெரியலன்னு டீச்சர் சொன்னாங்க. கண்ணாடி போடுடான்னா கேட்டியா?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குப்பா. தாடியே இல்ல அந்த ஆளுக்கு."

"தாடி வெந்திருக்கும்டா!"

தியேட்டரே சிரித்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. என் மடிக்கு மேலே குனிந்து இரண்டு தலையும் நேருக்கு நேராகப் பேசிக்கொண்டிருந்தன. அப்புறம் நான் படத்தைப் பார்க்கவில்லை. விளக்குப் போட்டார்கள். பெருக்கும் அம்மா வந்தாள். எழுந்து வெளியே வந்தும் பேச்சு நிற்கவில்லை. டீக்கடையில் மாஸ்டர், "ரெண்டு டீ, ஒரு கொழந்த" என்று குரல் கொடுத்ததை இருவருமே காதில் வாங்கவில்லை. பேசிக்கொண்டே வண்டிக்குப் போனார்கள். பேசிக்கொண்டே உபதேசியார் கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறினார், பஸ்ஸில்தான் போவேன் என்று சொன்னதை மறந்து. ஞாபகப்படுத்துவதற்கு நான் என்ன பைத்தியமா? பின்னால் ஏறிக் காலிக் கேன்களோடு உட்கார்ந்துகொண்டேன்.

மாலை வெயில். கேன்கள் கடகடவென்று உருண்டன. அந்தச் சத்தத்துக்கு மேலே முன்னாலிருந்து "உத்தரிக்கிற ஸ்தலம்", "அப்படி இல்லப்பா", "நீ சும்மா இருடா" என்று காற்றில் வந்துகொண்டிருந்தது. அரியலூரில் என்னை இறக்கிவிட வேண்டும். வண்டி நிற்கவில்லை. தட்டியிருந்தால் நின்றிருக்கும். நான் தட்டவில்லை. ரயில்வே கேட் தாண்டியது, திருமானூர் ரோடு வந்தது, ஊர் வந்தது, கோயில் வந்தது. வண்டி நேராக வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது.

நின்ற பிறகும் இருவரும் இறங்கவில்லை. என்ஜினை நிறுத்தக்கூட இல்லை. உள்ளே உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு அந்த அம்மா வெளியே வந்தார்கள். முன் கண்ணாடி வழியாக இரண்டு பேரையும் பார்த்தார்கள். பிறகு மெதுவாகப் பின்பக்கம் வந்து, கேன்களுக்கு நடுவில் இருந்த என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள்.

"என்னய்யா பேசிக்கிறாங்க?"

"குடைக்காரன் செத்தானா, சாகலையான்னுங்க."

"யாருய்யா அது? நமக்கு வேண்டியவனா?"

"படத்துல வரவன்ங்க."

"செத்தானா?"

"தெரியலைங்க. படத்துல சொல்லவே இல்ல."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "தெரியாமயே இருக்கட்டும்யா. நீயும் சொல்லிராத" என்று சொல்லிவிட்டு, இன்னும் ரெண்டு பேருக்குச் சேர்த்து அரிசி களைய உள்ளே போனார்கள்.